சக்கரம் இல்லாத பையும் பக்கத்து சீட்டுக்காரரும்

பை விமர்சனம் எழுதுகிறவர்கள் ஜிப்பை இழுத்துப் பார்ப்பார்கள், துணியைத் தேய்த்துப் பார்ப்பார்கள், எத்தனை அறை என்று எண்ணுவார்கள். பீரோ மேல் தூங்கப்போகிற பைக்கு அது போதும். விமானத்துக்கு எடுத்துப்போகிற பையின் கதை வேறு. காசு கொடுத்தது நான், இடி வாங்குவது அடுத்தவர் முழங்கால். அதனால் இந்தப் பைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எத்தனை மார்க் போடுவார் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எனக்குக் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை. விசாகப்பட்டினம், கொச்சி, போர்ட் பிளேர் என்று எங்கேயாவது எஞ்சின் மக்கர் செய்தால், அங்கே இருக்கிற நம்ம ஊர்க்காரர் யாராவது போன் போடுவார். போட் கரையில் நின்றால் ஓனருக்குத் தினமும் நஷ்டம், அதனால் டிக்கெட்டை அவர்களே போட்டுவிடுவார்கள். ஸ்பேனர், சாக்கெட், புல்லர் எல்லாம் செக்-இன் லக்கேஜில்தான் போக வேண்டும், கேபினுக்குள் விடமாட்டார்கள். கையில் மிஞ்சுவது ரெண்டு செட் துணி, கண்ணாடி, சார்ஜர், பவர் பேங்க், ஒரு நோட்டு. இதற்குத்தான் பை தேடினேன்.

வாங்கியது பாரிமுனையில், ரத்தன் பஜார் பக்கம் ஒரு சந்துக்கடையில். போர்டில் கடைப் பெயரை விட செருப்புக் கம்பெனி விளம்பரம் பெரிதாக இருக்கும். தோளில் மாட்டுகிற துணிப் பை, சக்கரம் கிடையாது, கம்பெனி பெயரும் கிடையாது, அங்கேயே தைத்தது. 1,500 சொன்னார், 1,100க்கு முடிந்தது. பைக்குள் பழைய பேப்பரைத் திணித்து, கடையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு அடியில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பை வாங்க வந்தீங்களா, ஸ்டூல் வாங்க வந்தீங்களா?" என்றார். சீட்டுக்கு அடியில் போகுமா என்று பார்க்க வேறு என்ன வழி? எடைக்கு அவரே கொக்கித் தராசு எடுத்துக் கொடுத்தார். வெறும் பை ஒரு கிலோவுக்கும் கீழே.

இந்த எடைதான் முதல் பிளஸ் பாயிண்ட். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் கைப்பைக்கு ஏழு கிலோ, அளவு 55க்கு 35க்கு 25 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். கடினமான சக்கரப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அதாவது ஏழில் மூன்றைப் பெட்டியே தின்றுவிடுகிறது. அப்புறம் கவுன்டரில் தராசு முள் எட்டைத் தொட்டதும், மூன்று சட்டையை மேலே மேலே மாட்டிக்கொண்டு, பாக்கெட்டில் சார்ஜரைத் திணித்துக்கொண்டு, பின்னால் நிற்கிற வரிசையைக் காயவிடுகிறோம். அந்த நாடகத்தைப் பார்க்காமல் நான் சென்னை விமான நிலையத்தை விட்டுக் கிளம்பியதே இல்லை.

சக்கரம் இல்லையே, எப்படித் தூக்குவது என்று வீட்டில் கேட்டார்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீலத் தடத்தை நீட்டியதில் வடசென்னைக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய சௌகரியம் இது. அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய், காலை நாலரைக்கு ஆட்டோக்காரரோடு பேரம் பேச வேண்டிய விமானத்துக்கு மட்டும்தான் அது உதவாது. அந்த ரயிலில் நாலு சக்கரப் பெட்டி வைத்திருப்பவர்களைக் கவனியுங்கள். பெட்டியை நிறுத்திவிட்டு போனைப் பார்ப்பார்கள். ரயில் பிரேக் போட்டதும் பெட்டி தானாகக் கிளம்பி எதிர் சீட்டுப் பாட்டியின் காலில் போய் நிற்கும். "சாரிங்க" என்று இழுத்துக்கொள்வார்கள். அடுத்த ஸ்டேஷனில் அதே பெட்டி, அதே பாட்டி. துணிப் பை மடியில் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

செக்யூரிட்டியில் இந்தப் பைக்கு ஒரு தனி மரியாதை. முன்பக்கம் தட்டையாக ஒரு அறை இருக்கிறது. பவர் பேங்க், சார்ஜர் எல்லாம் அதில். டிரேயில் ஒரே இழுப்பில் எடுத்துப் போட்டுவிடலாம், பின்னால் இருப்பவர் பெருமூச்சு விட வேண்டியதில்லை. பவர் பேங்கை செக்-இன்னில் போடக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சரக்கு அறையில் தீப்பிடித்தால் கையால் அணைக்க ஆளில்லை. ஆனால் மேல் ரேக் நிறைந்துவிட்டது என்று கேட்டிலேயே கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பும்போதும் அதை வெளியே எடுத்துவிட வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஏணிப்படியில் பெட்டியை மல்லாத்தி, துணியெல்லாம் வெளியே எடுத்துத் தேடுகிறவரைப் பார்த்திருக்கிறேன். முன் அறை உள்ள பை எந்தக் கடையில் கிடைத்தாலும் வாங்குங்கள். இன்னொன்று, ஸ்கேன் முடிந்து வருகிற டிரே முன்னாலேயே நின்று பெல்ட் மாட்டாதீர்கள் சாமி. நாலு அடி தள்ளி பெஞ்ச் போட்டிருக்கிறான்.

இனி மாவுக் கதை. போர்ட் பிளேர் விமானத்தில் ஏறுகிறவர்களின் கையில் பாதி சென்னை இருக்கும்: மல்லிகைப்பூ, முருங்கைக்காய், கறிவேப்பிலை. அன்று எனக்கு முன் வரிசையில் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா. மகள் வீட்டுக்குப் போகிறார், கையில் எவர்சில்வர் தூக்கு நிறைய இட்லி மாவு, மூடி மேல் துணி கட்டியிருந்தது. செக்யூரிட்டியில் அதை எப்படி விட்டார்கள் என்பது அவருக்கும் அந்த ஜவானுக்கும்தான் வெளிச்சம். மேல் ரேக்கில் என் பைக்குப் பக்கத்தில் வைத்தார். என் பை அன்று மேலேதான் இருந்தது. எமர்ஜென்சி கதவு வரிசையில் புறப்படும்போதும் இறங்கும்போதும் காலடியில் எதுவும் வைக்கக் கூடாது.

விமானம் உயரத்துக்குப் போய் நிலைத்தது. டீ வண்டி வந்தது. நடைபாதை ஓரத்து சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கண் மூடியிருந்தார். தோளில் ஒரு சொட்டு. தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார். அடுத்த சொட்டு காதில். எழுந்து ரேக்கைத் திறந்தால் தூக்கு மூடி எழும்பி நிற்கிறது, மாவு நுரைத்து வழிந்து என் பை மேல் ஏறி, பையிலிருந்து ஓரத்துக்கு ஓடி, இடுக்கு வழியாக அவர் மேல். ஏர் ஹோஸ்டஸ் பெண் டிஷ்யூ கட்டோடு ஓடி வந்தாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "காலைலதானே தம்பி அரைச்சேன், அதுக்குள்ள எப்படிப் புளிக்கும்?" என்று என்னைக் கேட்டார். "புளிப்பு மட்டும் இல்லக்கா, காத்துதான்" என்றேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இருக்காது, ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி மலை உச்சியில் இருக்கிற அளவுக்கு இறக்கித்தான் வைத்திருப்பார்கள். சிப்ஸ் பாக்கெட் உப்புவது அதனால்தான். மாவுக்குள் இருக்கும் குமிழியும் அதே மாதிரி பெருக்கும். தூக்கு நிறைய ஊற்றியிருந்தால் வேறு எங்கே போகும்? முக்கால் தூக்கு ஊற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, தன் காலடியில் வைத்திருந்தால் தன் செருப்போடு போயிருக்கும். வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கும் வரை யாரோடும் பேசவில்லை.

பை பரீட்சையில் பாஸ். மேல் துணிக்கு உள்பக்கம் ரப்பர் பூச்சு மாதிரி ஒன்று இருக்கிறது. சட்டை ஒன்றில்கூட ஈரம் இல்லை. வெளியே ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஜிப் பல்லில் ஏறிய மாவு மட்டும் காய்ந்து இறுகி, பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்த பிறகுதான் நகர்ந்தது. ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்புத் துணி தைத்திருக்கலாம். அரை மார்க் குறைத்துக்கொள்கிறேன்.

அந்த ரப்பர் பூச்சு எனக்கு வேறு வகையிலும் உதவுகிறது. வேலை முடிந்த சட்டையில் டீசல் வாடை இருக்கும். மூன்று பேர் தோளுரச உட்காரும் வரிசையில், நடு சீட்டில் இருப்பவருக்கு அது தண்டனை. சட்டையைக் கவரில் சுற்றி உள்ளே வைத்து ஜிப்பை மூடினால் வெளியே தெரிவதில்லை. பழைய இன்ஜெக்டர், பம்ப் என்று டீசல் தங்கிய சாமான் எதையும் விமானத்தில் ஏற்றக் கூடாது, செக்-இன்னிலும் கூடாது. அதெல்லாம் பார்சல் சர்வீஸ்தான். கருவாட்டுக்குத் தடை இல்லையே என்று சிலர் கேட்பார்கள். எங்கள் காசிமேட்டுக் கருவாட்டின் மேல் எனக்கும் பிரியம்தான். ஆனால் அதைக் கைப்பையில் கொண்டுவருகிறவரோடு மூடிய ஏசிக்குள் இரண்டு மணி நேரம் இருக்க என்னால் முடியாது. நாலு சுற்று கவர் போட்டு, செக்-இன்.

குறை என்று சொன்னால் பெரியது தோளில் மாட்டுகிற பட்டைதான். அளவுக்கு மீறி நீளம். தோளில் மாட்டிக்கொண்டு நடைபாதையில் திரும்பினால் பை ஒரு சுற்று சுற்றி, உட்கார்ந்திருப்பவர் கன்னத்தில் வைக்கிறது. துணிப் பை என்பதால் அடி பலமில்லை, கோபம் அதே அளவுதான். பையைக் கழற்றி முன்னால் பிடித்து, முழங்கால் உயரத்தில் நகர்த்திக்கொண்டு போவதுதான் முறை. சீட்டுக்கு அடியில் தள்ளிய பிறகும் பட்டை நடைபாதையில் நீண்டு கிடக்கும். இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. ஒரு ரக விமானத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி எல்லாரும் 90 நொடியில் வெளியேற முடியும் என்று காட்டச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் என் பட்டையில் ஒருவர் தடுக்கி விழுகிற நேரம் இல்லை. மகாராணி தியேட்டர் பக்கம் தையற்காரரிடம் கொடுத்து ஒரு முழம் வெட்டிவிட்டேன்.

அவரிடமே இன்னொரு வேலையும் செய்தேன். பக்கவாட்டு அறைக்கு வெல்க்ரோ வைத்திருக்கிறார்கள். பகலில் தெரியாது. விடிகாலை விமானத்தில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் தூங்கும்போது கண்ணாடியை எடுக்கப் போனால் 'பர்ர்ர்' என்று ஒரு கிழி. பக்கத்தில் ஒரு தாய் கஷ்டப்பட்டுத் தூங்கவைத்த குழந்தை விழித்துக்கொண்டது. அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தத் தையற்காரரிடமும் மருந்து இல்லை. இப்போது அங்கே டிச் பட்டன். 40 ரூபாய் ஆனது. ரீல்ஸை ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கும் ஏதாவது பட்டன் தைக்க முடியுமா என்று கேட்டேன், சிரித்தார்.

சீட்டுக்கு அடியில் பை வைத்தால் கால் நீட்ட இடம் குறையும், அது உண்மை. ஆறடிக்காரர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு அதில் கிடைக்கிற லாபம் இறங்கும்போது. சக்கரம் தரையைத் தொட்டதும் சீட் பெல்ட் கழற்றுகிற 'டக் டக்' சத்தம் கேட்கும், விளக்கு அணையும் முன்பே பாதிப் பேர் எழுந்து, ரேக்குக்கு அடியில் கழுத்தைச் சாய்த்தபடி நிற்பார்கள். மூன்று வரிசை பின்னால் பெட்டியை வைத்தவர் கூட்டத்தை எதிர்த்து நீந்துவார். பை காலடியில் இருந்தால் என் வரிசை காலியாகும் வரை உட்கார்ந்திருக்கலாம். எப்படியும் கீழே ஒரே பஸ்.

இரண்டு நாள், மூன்று நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பை தாராளமாகப் போதும். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கசங்காமல் கொண்டுபோக வேண்டுமென்றால் வேண்டாம். தோள்வலி இருப்பவர்களும் சக்கரப் பெட்டியே வாங்குங்கள், ஆனால் மெட்ரோவில் கைப்பிடியை விடாதீர்கள். கடையில் பில் கேட்டால் சிட்டையில் எழுதித் தருவார், வாரண்டி கிடையாது, ஜிப் போனால் அவரே மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு கடை இல்லை. முன்னால் தொங்குவதெல்லாம் கறுப்பு; ரேக்கில் பத்துக் கறுப்புப் பைக்கு நடுவே யார் எதை எடுக்கிறார்கள் என்றே தெரியாது. பச்சை கேளுங்கள், உள்ளே அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார்.