டர்பனிலிருந்து மேட்டுக்கு ஏற எந்த டர்போ?

தென்னாப்பிரிக்காவில் கடல் மட்டத்திலுள்ள டர்பனில் கிளம்பி, என்3 நெடுஞ்சாலையில் 1,700 மீட்டருக்கு மேல் ஏறினால் ஜோகன்னஸ்பர்க். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பாய்ந்த டீசல் வண்டி, ஜோபர்க் ரோபாட்டில் (போக்குவரத்து விளக்கில்) பச்சை விழுந்தபின் மந்தமாக நகர்வதற்கு இதுதான் காரணம். எஞ்சின் புகையால் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதே டர்போ. அந்த அழுத்தம் ஏறும்வரை எஞ்சினுக்குக் கிடைப்பது அந்த மெல்லிய காற்று மட்டுமே. அதனால் வெளியேறும் புகையின் அளவும் குறைகிறது, டர்பைன் சுழலப் பிடிக்கும் நேரமும் கூடுகிறது.

நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஓடும்போது மிதித்து வண்டி இழுக்கவில்லை என்றால், அதை டர்போ லேக் (மிதித்தபின் அழுத்தம் வரும்வரை ஆகும் தாமதம்) என்று சொல்லக்கூடாது. டர்பைனைத் தள்ளுமளவு புகையே அந்தச் சுற்றில் இல்லை. கியரைக் குறைத்தால் போதும். 2,000 சுற்றுக்கு மேலே மிதித்தும் காத்திருக்க நேர்ந்தால்தான் லேக்.

வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையை டர்பைனைத் தாண்டி வெளியே விடும் வால்வு) வைத்த சிறிய டர்போ சீக்கிரம் சுழலும், பழுதுபார்க்க எளிது, விலையும் குறைவு. ஆனால் மேட்டில் அதே அழுத்தம் தர அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும்; என்3-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே டவுன் ஹில் (Town Hill) ஏற்றத்தில் டிரெய்லர் இழுக்கும்போது மூச்சு முட்டும். பெரிய டர்போ அந்த ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், ஊருக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் காக்க வைக்கும். அன்றாடக் காருக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

வேரியபிள் டர்போவில் டர்பைனைச் சுற்றியுள்ள சிறு தகடுகள், குறைந்த சுற்றில் நெருங்கிப் புகையை வேகமாகப் பாய்ச்சும். சுற்று ஏறினால் விலகி வழிவிடும். கடற்கரைக்கும் மேட்டுக்கும் மாறிமாறி ஓடுபவருக்கு என் தேர்வு இதுவே. குறை ஒன்று உண்டு: பள்ளி, கடை என்று குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடினால் கரி படிந்து தகடுகள் இறுகிவிடும். அப்படிப்பட்டவர் சிறிய டர்போவோடு நிம்மதியாக இருக்கலாம். சிறிதும் பெரிதுமாக இரண்டு டர்போ வைத்த எஞ்சின் இழுவையில் அருமைதான். ஆனால் குழாய்களும் வால்வுகளும் இரட்டிப்பு, புதிதாகப் பொருத்துவது வீண் செலவு.

எதை மாற்றினாலும் எஞ்சின் கம்ப்யூட்டரின் எரிபொருள் கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பணம் கட்டுமுன் இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பகுதி) ரப்பர் குழாயில் வெடிப்பு, அடைத்த ஏர் ஃபில்டர், ஆக்சுவேட்டரின் (வேஸ்ட்கேட்டையோ தகடுகளையோ அசைக்கும் கருவியின்) வேக்குவம் குழாய் மூன்றையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். லேக் என்று வரும் வண்டிகளில் பழுது அந்தக் குழாய்களிலேயே இருப்பதும் உண்டு.