ஆடும் போல்ட் ஹேண்டில்: ஸ்பிரிங்கை மாற்றுவதா, ஹேண்டிலை மாற்றுவதா?

செட்டிநாட்டுப் பக்கம் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் இரட்டைக் குழல்தான். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் 12 போர் (குழலின் அளவு) துப்பாக்கி வைத்திருக்கும் சிலருக்குத்தான் இந்தத் தலைவலி: குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டை இழுக்கிற கைப்பிடி, அதாவது போல்ட் ஹேண்டில், ஆட ஆரம்பிக்கும்.

முதலில் குழாய் மேகசின் (தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய்), சேம்பர் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) இரண்டிலும் தோட்டா இல்லையென்று பார்த்துவிடுங்கள். பல மாடல்களில் ஹேண்டிலின் தண்டில் ஒரு பள்ளம் இருக்கும்; போல்ட்டுக்குள் உள்ள ஸ்பிரிங் ஒரு சிறு முனையை அதில் அழுத்திப் பிடிக்கும். லேசான ஆட்டம் சகஜம். விரலால் இழுத்ததும் சுலபமாகக் கழன்று வந்தால்தான் கோளாறு. சுடும்போது தெறித்து விழுந்தால் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கப் பிடியே இருக்காது.

பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் ஸ்பிரிங் பக்கம் போகலாம். மலிவு, பல நேரம் கெட்டியான வெடிமருந்துக் கரியையும் பழைய எண்ணெயையும் துடைத்தாலே பிடிப்பு திரும்பிவிடும். ஆனால் போல்ட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும். விளிம்பு மழுங்கியிருந்தால் புது ஸ்பிரிங் வீண்செலவு, ஹேண்டிலைத்தான் மாற்ற வேண்டும். அதே மாடலின் பாகம் கிடைக்கக் காத்திருக்கணும், அவ்வளவுதான்.

"காரைக்குடி லேத் பட்டறையில ஒண்ணு கடைஞ்சு தந்துடுவாங்க அண்ணே" என்பார்கள். வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். வெல்டிங் வைத்தால் சூட்டில் போல்ட்டின் உறுதியும் கெடும்.

என் ஓட்டு: முதலில் துடைப்பு, அப்புறம் ஸ்பிரிங். அதற்கும் அடங்காவிட்டால் உரிமம் பெற்ற கடையில் புது ஹேண்டில்.