உலர் எரிப்பானா, எஸ்.சி.ஆர். பெட்டியா? எரிவாயு மின்நிலையப் புகை: ஓர் ஒப்பீடு

நிலக்கரி ஆலையோடு ஒப்பிட்டால் எரிவாயு ஆலை சுத்தம்தான். சாம்பல் இல்லை, கந்தகமும் பெயருக்குத்தான். மிஞ்சும் தலைவலி நாக்ஸ், அதாவது நைட்ரஜன் ஆக்சைடுகள். இது பெரும்பாலும் எரிவாயுவிலிருந்து வருவதல்ல. சுடர் சுமார் 1,500 டிகிரியைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு வேகமாகச் சேரத் தொடங்கிவிடும்.

சூட்டைத் தணிக்கத் தண்ணீரோ நீராவியோ அடிப்பது பழைய வழி. கனிமம் நீக்கிய நீர் ஏராளமாகச் செலவாகும், கார்பன் மோனாக்சைடும் ஏறும். திரவ எரிபொருளும் எரிக்கும் ஆலை என்றால் யோசிக்கலாம், மற்றபடி வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். டி.எல்.என். எனும் உலர் எரிப்பான், வாயுவையும் தாராளமான காற்றையும் முன்னதாகவே கலந்து எரிக்கிறது. முழுச் சுமையில் நாக்ஸ் 9 முதல் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்ற அளவு சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் சுமை பாதிக்குக் கீழே போனால் அந்த மெலிந்த சுடர் நிற்காது. எரிப்பான் வேறு முறைக்கு மாறும், நாக்ஸ் எகிறும்.

எஸ்.சி.ஆர். எனும் வினையூக்கிப் பெட்டி, எரிந்து வெளியேறும் புகையைப் பின்னால் பிடிக்கிறது. அமோனியாவைத் தூவி, வினையூக்கி அடுக்குகள் வழியே அனுப்பி, 80–90 சதவீதம் நாக்ஸை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றிவிடும். கலிஃபோர்னியாவின் புதிய கூட்டுச் சுழற்சி ஆலைகள் (டர்பைனின் கழிவுச் சூட்டிலிருந்தும் மின்சாரம் எடுப்பவை) 2 பிபிஎம் அளவைத் தொடுவது, டி.எல்.என்.னோடு இதையும் சேர்ப்பதால்தான். பதிலுக்கு அமோனியாக் கிடங்கு, வினையாற்றாமல் நழுவும் அமோனியா, சில ஆண்டுகளில் புது வினையூக்கி. வழக்கமான வினையூக்கிக்கு 300–400 டிகிரி சூடு வேண்டும், ஆலை கிளம்பும் நேரத்தில் அது சும்மாதான் இருக்கும்.

இந்தியாவில், 1999-க்குப் பின் வந்த 400 மெகாவாட், அதற்கு மேற்பட்ட இயற்கை எரிவாயு ஆலைகளுக்கு நாக்ஸ் வரம்பு 50 பிபிஎம், அதுவும் புகையில் 15 சதவீத ஆக்சிஜன் இருப்பதாகத் திருத்திக் கணக்கிட்டால். முழுச் சுமையில் டி.எல்.என்.னுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் நம் எரிவாயு ஆலைகள் எப்போது முழுச் சுமையில் ஓடுகின்றன? 2024 கோடையில் மே, ஜூன் மாதங்களுக்கு அவற்றை ஓட்ட மத்திய அரசே உத்தரவு போட வேண்டியிருந்தது. ஓடி நின்று, நின்று ஓடும் ஆலைக்கு அந்த 9 பிபிஎம் விளம்பர எண்தான்.

அளவீட்டிலும் இதே கதை. குறைந்த சுமையில் கருவி 40 பிபிஎம் காட்டுகிறது, ஆக்சிஜன் 17 சதவீதம் என்று வையுங்கள். இதை 15 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்ற வேண்டும். காற்றின் 20.9 சதவீத ஆக்சிஜனிலிருந்து 15-ஐக் கழித்தால் 5.9, 17-ஐக் கழித்தால் 3.9. 40-ஐ 5.9-ஆல் பெருக்கி 3.9-ஆல் வகுத்தால் 60.5. திரையில் தேர்ச்சி, கணக்கில் தோல்வி! புகைபோக்கியில் நேரடியாக அளக்கும் சி.இ.எம்.எஸ்.ஸுக்குச் சூடேற்றிய குழாயும் அன்றாட அளவுத்திருத்தமும் வேண்டும். டர்பைன் தரவிலிருந்து கணிக்கும் பி.இ.எம்.எஸ். மலிவு, ஒரே சீராக ஓடும் டி.எல்.என். ஆலைக்குப் போதும். எஸ்.சி.ஆர். இருந்தால் வினையூக்கி கிழடாகிக்கொண்டே போகும், கணிப்பு பிசகும். அங்கே நேரடி அளவீடுதான் என் தேர்வு.

டெண்டர் போடுபவர் நானாக இருந்தால், முழுச் சுமை உத்தரவாதத்தைப் பார்ப்பதற்கு முன் 40 சதவீதச் சுமையிலும் ஆலை கிளம்பும் முதல் ஒரு மணி நேரத்திலும் எவ்வளவு நாக்ஸ் வரும் என்று எழுதி வாங்கிக்கொள்வேன்.