முதுகுக்குப் பின்னால் மறையும் சூரியன்: டன்னாட்டரா, டன்ஸ்டன்பரோவா?

ஸ்காட்லாந்தில் கடலோரமாக நடந்துபோய், ஒரு கோட்டைக்கு எதிரே நின்று சூரிய அஸ்தமனம் பார்க்கும் நடைக்குப் பணம் கட்டியிருக்கிறேன் என்று சொன்னதும், நாகப்பட்டினத்திலிருந்து அம்மா ஃபோனில் கேட்டது ஒரே கேள்விதான். "அங்க கடல் எந்தப் பக்கம்டா?" கிழக்கே என்றேன். "அப்ப சூரியன் எப்படி அதுல போய் மறையும்?"

பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். கிழக்குக் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தானாகவே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கோட்டை, கடல், செவ்வானம் மூன்றும் ஒன்றாக இருக்கும் விளம்பரப் படத்தைப் பார்த்தால் யாருக்குத் திசை ஞாபகம் வருகிறது?

பிரிட்டனின் கிழக்குக் கரையில் இப்படி மாலை நடைக்கு ஏற்ற கோட்டைகளில் எனக்குக் கால் பழகியவை இரண்டு. ஒன்று ஸ்காட்லாந்தில், ஸ்டோன்ஹேவன் ஊருக்குத் தெற்கே இருக்கும் டன்னாட்டர். இன்னொன்று எல்லை தாண்டி, இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், க்ராஸ்டர் கிராமத்துக்கு வடக்கே இருக்கும் டன்ஸ்டன்பரோ. இரண்டும் வட கடலைப் பார்த்து நிற்கும் இடிபாடுகள். இரண்டுக்கும் ஒரு சின்னத் துறைமுகத்திலிருந்து கிளம்பி நடந்து போகலாம். இரண்டிலும் சூரியன் நிலத்துக்குப் பின்னால்தான் மறையும், அம்மா சொன்னபடியே. எடின்பரோவிலிருந்து இரண்டுக்கும் ஒரே நாளில் போய்வரலாம் என்பதால் எதற்குப் போவது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் டன்னாட்டர். ஸ்டோன்ஹேவன் துறைமுகத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். வீடுகளுக்கு நடுவே ஏறும் பாதை முதல் பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்க வைத்துவிடும். மேலே போனதும் பிளாக் ஹில் என்கிற குன்றில் ஒரு போர் நினைவிடம். கிரேக்கக் கோயில் மாதிரி வட்டமாகத் தூண்கள், மேலே கூரை கிடையாது. முதல் உலகப் போரில் இறந்த உள்ளூர்க்காரர்களுக்காக 1923இல் திறந்தது. பாதியில் முடிந்துபோன உயிர்கள் என்பதால் கட்டடத்தையும் வேண்டுமென்றே பாதி இடிந்தது போலவே கட்டியிருக்கிறார்கள். கோட்டைக்குப் போகும் அவசரத்தில் பலர் இதை ஒரு ஃபோட்டோவோடு கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த நடையிலேயே நிதானமாக உட்கார வேண்டிய இடம் இதுதான்.

அப்புறம் வயலுக்கும் செங்குத்துப் பாறைக்கும் நடுவே பாதை போகிறது. ஒரு வளைவு திரும்பினால் கோட்டை முழுசாக எதிரே நிற்கும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் 50 மீட்டர் உயரப் பாறை, அதன் தலையில் சிதறிக் கிடக்கும் சுவர்கள், ஒற்றை கோபுரம். பாறையைக் கிட்டத்தில் பார்த்தால் கடலை மிட்டாய் மாதிரி இருக்கும்: உருண்டைக் கூழாங்கற்கள், நடுவே அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் செம்மண் நிறக் கல். உள்ளே போக வேண்டுமானால் படிகளில் ஏறக்குறைய கடல்மட்டம் வரை இறங்கி மறுபடியும் ஏற வேண்டும். ஆனால் கோடையில் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே வாசலை மூடிவிடுவார்கள். மாலை நடை என்றால் எதிர்க்கரையில் நின்று பார்ப்பதோடு சரி. அதற்குக் காசு கிடையாது.

நான் கைடோடு போனது ஒரு செப்டம்பர் மாலை. பன்னிரண்டு பேர் இருந்தோம். கைடு நாள்காட்டியில் போட்டிருந்த அஸ்தமன நேரத்தைப் பார்த்து, சரியாக அந்த நிமிடத்துக்கு வியூ பாயின்ட் போய்ச் சேரும்படி எங்களை நடத்திவந்தார். கணக்கு துல்லியம். ஆனால் அந்த நேரம் தட்டையான அடிவானத்துக்கானது. இங்கே மேற்கே நிலம் மேடாக உயர்ந்து போகிறது. நாங்கள் வளைவு திரும்பியபோது கோட்டையில் வெயில் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. "சூரியன் எங்கே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கைடு கொஞ்சம் சங்கடத்தோடு பின்னால் கை காட்டினார். அறுவடை முடிந்த வயல், அதில் ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் ஒரு மஞ்சள் கீற்று.

பணம் போச்சு என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் அவர் கதை சொல்ல ஆரம்பித்தார்.

1651. இங்கிலாந்தில் அரசர் ஆட்சியைக் கவிழ்த்த கிராம்வெல்லின் படை ஸ்காட்லாந்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஸ்காட்டிஷ் அரசர்களின் கிரீடம், செங்கோல், வாள் மூன்றும் இந்தப் பாறைமேல் பத்திரமாக இருக்கின்றன. எட்டு மாத முற்றுகை. 1652 மே மாதம் கோட்டை சரணடைந்து, படை உள்ளே போய்த் தேடினால் மூன்றும் இல்லை. கொஞ்சம் தெற்கே கினெஃப் என்ற ஊரின் பாதிரியாருடைய மனைவி கிறிஸ்டியன் கிரெய்ஞ்சர் அவற்றை வெளியே கடத்திவிட்டார். துணிக்குள்ளும் சணல் கட்டுக்குள்ளும் மறைத்து, முற்றுகையிட்ட படைக்கு நடுவிலேயே கொண்டுபோனார் என்பது ஒரு கதை. சுவரிலிருந்து கயிற்றில் கீழே இறக்க, கடற்பாசி பொறுக்குவது போல நடித்த ஒரு வேலைக்காரப் பெண் கூடையில் வாங்கிப் போனாள் என்பது இன்னொன்று. கினெஃப் தேவாலயத் தரைக்கு அடியில் 1660 வரை அவை புதைந்து கிடந்தன. இப்போது எடின்பரோ கோட்டையில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. நானே இரண்டு முறை வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை.

"கூடை இறங்கியது அங்கேதான் இருக்க வேண்டும்" என்று இருட்டுகிற பாறையை அவர் காட்டியபோது பன்னிரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். 1685இல் அரசரின் மதக் கொள்கையை ஏற்காத 122 ஆண்களையும் 45 பெண்களையும் அங்கே ஒரே நிலவறையில் அடைத்துவைத்திருந்ததை அடுத்துச் சொன்னார். யாரும் பேசவில்லை. சூரியனைக் கோட்டைவிட்ட அதே ஆள்தான்.

டன்ஸ்டன்பரோவுக்கு எனக்குக் கைடு தேவைப்பட்டதில்லை. க்ராஸ்டர் துறைமுகத்திலிருந்து 2 கிலோமீட்டர், முழுக்கப் புல்தரை, ஏற்றமே கிடையாது. இடது பக்கம் ஆடுகள், வலது பக்கம் கடல், எதிரே கோட்டை. வழி தவறவே முடியாது. கோட்டை வரை பொதுவான கார் வழி இல்லாததால் யாரானாலும் நடந்துதான் ஆக வேண்டும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போக இரண்டில் எது என்றால் யோசிக்காமல் இதுதான்.

க்ராஸ்டரில் இறங்கியதும் முதலில் வருவது வாசனை. ஹெர்ரிங் மீனை இரண்டாகப் பிளந்து, ஓக் மரத்தூள் புகையில் மணிக்கணக்காகத் தொங்கவிட்டுச் செய்யும் கிப்பருக்கு இந்தக் கிராமம் பெயர்போனது. நாகைக்காரனின் மூக்குக்கு அது கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். துறைமுகத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியா 1904இல் திபெத்துக்கு அனுப்பிய படையில் செத்துப்போன கேப்டன் ஜான் க்ராஸ்டரின் நினைவாக அவர் குடும்பத்தார் 1906இல் கட்டி முடித்தது. இமயமலையில் விழுந்தவனுக்கு வட கடலில் ஒரு மீன்பிடித் துறைமுகம்.

கோட்டையைக் கட்டியவர் லங்காஸ்டர் பிரபு தாமஸ், அரசர் இரண்டாம் எட்வர்டின் பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரர், பரம எதிரியும் கூட. 1313இல் வேலை தொடங்கியது. 1322இல் போரில் தோற்றுப் பிடிபட்டு, தன்னுடைய இன்னொரு கோட்டையான பான்டிஃப்ராக்டிலேயே தலை வெட்டப்பட்டார். நல்ல கதைதான். ஆனால் டன்னாட்டர் கூடை மாதிரி இடத்தோடு ஒட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் உட்கார்ந்து படித்தாலும் அதே ருசிதான். இங்கே பேசுவது கட்டடமும் வெளிச்சமும்.

வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் சூரியன் மறையும் இடம் வருடம் முழுவதும் நேர்மேற்கிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுமார் 24 டிகிரிதான் நகரும். இங்கே ஏறக்குறைய 45 டிகிரி. ஜூனில் இரவு 10 மணி வாக்கில் வடமேற்கில் மறையும், டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்குத் தென்மேற்கில். அதனால் "மாலையில் கோட்டை எப்படி இருக்கும்" என்ற கேள்விக்கு மாதத்தைச் சொல்லாமல் பதில் இல்லை.

டன்னாட்டரில் பார்க்கும் மேடு ஒரு பக்கம்தான். நாம் நிலத்தில், கோட்டை கடல் பக்கம். எந்த மாதமானாலும் மாலை வெயில் நம் தோளுக்கு மேலே போய்த்தான் கோட்டையில் விழும். விழுந்தால் அழகுதான், செங்கல் சூளை திறந்த மாதிரி அந்தப் பாறை சிவக்கும். அதைப் பார்க்க அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். நாள்காட்டி நேரத்துக்குப் போனால் என் கதிதான்.

டன்ஸ்டன்பரோவில் நாம் கோட்டையைச் சுற்றி இடம் மாறலாம். குளிர்காலத்தில் க்ராஸ்டர் பக்கமிருந்து வடக்கே நடந்தால் தென்மேற்கு வெயில் பின்னாலிருந்து வந்து வாசல் கோபுரங்கள் இரண்டின் மேலும் விழுகிறது. ஜூனில் அதே பாதையில் போனால் சூரியன் இடது பக்கம் முன்னால் தாழ்ந்து கண்ணைக் கூசும். கோபுரங்கள் கரும்பல் மாதிரி நிழலாகத்தான் தெரியும். அதனால் ஜூனில் மறுபக்கம் போக வேண்டும், எம்பிள்டன் மணற்கரைக்கு. அங்கிருந்து பார்த்தால் கோட்டை தென்கிழக்கே, வெயில் வடமேற்கிலிருந்து. கோட்டைக்கு வடக்கே கடலுக்குச் செங்குத்தாக இறங்கும் கரும்பாறை வருடத்தில் பெரும்பாலான நாட்கள் நிழலில்தான் கிடக்கும். நடுக்கோடை மாலைகளில் மட்டும் அதன் முகத்தில் வெயில் படும். எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல், அந்த அரை மணி நேரம் தேய்த்த செம்புப் பாத்திரம் மாதிரி ஆகிவிடும். முதல் தடவை பார்த்தபோது கேமராவை எடுக்கவே தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பாறைக்கு முன்னால் கரையெல்லாம் தேங்காய் முதல் ஆட்டுக்கல் வரை எல்லா அளவிலும் உருண்டைக் கருங்கற்கள். ஃபோட்டோ எடுப்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பாசி பிடித்தவை. நல்ல கோணம் தேடி இரண்டு கல் தாண்டியவன் மூன்றாவதில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். மணலிலிருந்தே பார்க்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடுகிறார்கள், இரண்டு இடத்திலும் இதே கதைதான். கிழக்குக் கரையின் விசேஷமே அதற்கு அப்புறம்தான். பத்து பதினைந்து நிமிடம் பொறுத்துக் கடல் பக்கம் திரும்பினால், அடிவானத்தை ஒட்டிக் கருநீலமாக ஒரு பட்டை எழும். அது பூமியின் நிழல், காற்றுமண்டலத்தின் மேல் விழுவது. அதற்கு மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. கோட்டை அந்த இரண்டு நிறத்துக்கும் முன்னால் நிற்கும். மேற்குக் கரைக்காரர்களுக்கு மாலையில் கடலுக்கு மேல் இது கிடைக்காது. நாகையில் சின்ன வயதில் எத்தனையோ மாலை பார்த்திருக்கிறேன், அது நிழல் என்று தெரியாமலே. அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "அது தினமும் வரும்ல?" என்றார்.

இதெல்லாம் வானம் தெளிந்திருந்தால். வசந்தத்திலும் கோடையிலும் சூடான காற்று குளிர்ந்த வட கடல்மேல் வரும்போது கடல்மூட்டம் கிளம்பிக் கரையேறும். ஸ்காட்லாந்தில் அதற்கு ஹார் என்று பெயர், நார்தம்பர்லாந்தில் ஃப்ரெட். ஊருக்குள் வெயில் அடிக்கும், கரையில் பத்தடி தெரியாது. முன்பதிவு செய்த நடை என்றால் பணம் திரும்ப வருமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தனியாகப் போகிறவர் மறுநாள் போய்க்கொள்ளலாம்.

போக்குவரத்தில் டன்னாட்டர் ஜெயிக்கிறது. ஸ்டோன்ஹேவனில் ரயில் நிலையம் உண்டு, ஊருக்குள் அரை மணி நடந்தால் துறைமுகம். க்ராஸ்டருக்கு ஆல்ன்மவுத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஜூனில் பத்து மணிக்கு அஸ்தமனம் பார்த்துவிட்டுத் திரும்ப பஸ்ஸை நம்ப முடியாது. கார் வேண்டும், இல்லையென்றால் ராத்தங்கல்.

சரி, கைடுக்குக் காசு கொடுக்கலாமா? டன்னாட்டரில், செப்டம்பருக்கு மேல், கொடுக்கலாம். இருட்டில் பாறை விளிம்பை ஒட்டித் திரும்பும் பாதை அது, கதையும் அங்கே நின்று கேட்க வேண்டியது. பதிவு செய்யும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: வியூ பாயின்டில் எத்தனை மணிக்கு இருப்போம்? பதில் அஸ்தமன நேரமாகவே இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். டன்ஸ்டன்பரோவில் கைடு வீண் செலவு. ஜூனில் பதினோரு மணி வரை கால் வைக்கும் இடம் தெரியுமளவு வெளிச்சம் இருக்கும். மற்ற மாதங்களில் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று போதும்.

ஒரே நடைதான் முடியும், அதுவும் அஸ்தமனம்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு டன்ஸ்டன்பரோவுக்கு, ஜூனில், எம்பிள்டன் பக்கமிருந்து. டன்னாட்டருக்கு நான் திரும்பப் போனது டிசம்பரில், விடியலுக்கு. அங்கே அந்த மாதம் சூரியன் எட்டே முக்கால் வாக்கில்தான் எழும்புகிறது, முந்தின இரவு ஸ்டோன்ஹேவனில் தங்கினால் அலாரம் கூட வேண்டாம். தென்கிழக்கில், கோட்டைக்கு நேர் பின்னால், கடலிலிருந்து வந்தது. கை விறைத்துப்போய் எடுத்த ஃபோட்டோவை அம்மாவுக்கு அனுப்பினேன். "இதுதாண்டா சரி" என்று பதில் வந்தது.