பாலிஹவுஸ் குடைமிளகாய்க்குச் சாம்பல்சத்து: சில பருவங்கள் போட்டுப் பார்த்த பிறகு

ஓசூர் பக்கம் பாலிஹவுஸில் கலர் குடைமிளகாய் போடுகிறேன். செம்மண் மேட்டுப்பாத்தி, சொட்டுநீர், கரைத்த உரத்தைச் சொட்டுநீர்க் குழாய்க்குள் இழுத்துவிடும் வெஞ்சுரி. காய் பிடித்ததிலிருந்து நிறம் ஏறும்வரை இந்தப் பயிர் அதிகம் கேட்பது சாம்பல்சத்தை, அதாவது பொட்டாஷைத்தான். முன்பு எல்லாரையும் போல 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்; எண்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) ஒன்றையே நம்பியிருந்தேன். இப்போது நாலு இடத்திலிருந்து எடுக்கிறேன்.

மலிவு என்று மியூரேட் பொட்டாஷ் பக்கம் போகவே இல்லை. அதில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. வெளி வயல் என்றால் மழை கழுவிக்கொண்டு போகும். பாலிதீன் கூரைக்குக் கீழே மழை ஏது? உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும்.

13-0-45ஐக் குறை சொல்ல முடியாது, தண்ணீரில் போட்டதும் கரையும். ஆனால் கூடவே வரும் தழைச்சத்தை யார் நிறுத்துவது? காய்ப்பருவத்தில் செடி இலையாகவே ஓடும், இலைப்பேனும் அசுவினியும் பின்னாலேயே வரும். அதனால் காய் பிடித்த பிறகு 0-0-50க்கு, அதாவது சல்பேட் ஆஃப் பொட்டாஷுக்கு மாறினேன்.

இது கரைவதற்குள் பொறுமை போய்விடும். 100 லிட்டர் தண்ணீரில் 11 கிலோதான் கரையும், ஓசூர் மார்கழிக் குளிரில் அதுவும் இழுக்கும். முதல்நாள் சாயங்காலமே டிரம்மில் கலக்கிவிடுகிறேன். காலையில் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் படிந்திருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் வெஞ்சுரிக்கு விட வேண்டும். கால்சியம் நைட்ரேட் அதே டிரம்முக்குள் வரவே கூடாது. வந்தால் ஜிப்சம் வெள்ளைக் கூழாகத் திரண்டு டிரிப்பரை அடைத்துவிடும்.

எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது பொட்டாசியம் ஸ்கோனைட். உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரிலிருந்து இதை எடுக்கும் முறையை பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கினார்கள். பொட்டாஷ் 23 சதவீதம், கூடவே மக்னீசியமும் உண்டு. சாம்பல்சத்தை ஏற்றும்போதெல்லாம் அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் மஞ்சள் விழும். செடிக்குள் போகவிடாமல் மக்னீசியத்தைச் சாம்பல்சத்து தள்ளிவிடுகிறது. 0-0-50ல் ஒரு பங்கைக் குறைத்து ஸ்கோனைட் சேர்த்ததும் அந்த மஞ்சள் வெகுவாகக் குறைந்தது. காய் நுனி அழுகலுக்கு இது மருந்தில்லை, அது சுண்ணாம்புச்சத்து விவகாரம். ஆனால் சாம்பல்சத்து மிஞ்சினால் அந்த அழுகலும் கூடும். அதனால்தான் மண் பரிசோதனை பார்க்காமல் அளவை ஏற்றுவதில்லை.

அடியுரத்துக்கு மொலாசஸ் பொட்டாஷ். சர்க்கரை ஆலையை ஒட்டிய சாராய ஆலைக் கழிவை எரித்த சாம்பல்தான் அது, பொட்டாஷ் 14.5 சதவீதம். 2021 முதல் மத்திய அரசின் உர மானியப் பட்டியலிலும் இருக்கிறது. காரத்தன்மை உண்டு, முழுசாகக் கரையாது; சொட்டுநீரில் விடாமல் பாத்தி போடும்போதே மண்ணில் கலந்துவிடுகிறேன்.

மூட்டை விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 10 கிலோ பொட்டாஷ் செடிக்குப் போக 0-0-50 என்றால் 20 கிலோ, ஸ்கோனைட் சுமார் 43, மொலாசஸ் பொட்டாஷ் சுமார் 69 கிலோ வேண்டும். வண்டி வாடகையையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

பொட்டாஷ் பாக்டீரியாவும் விட்டுப் பார்த்தேன். மண்ணில் பிடிபட்டுக் கிடப்பதைக் கரைத்துத் தரும் வேலை அதற்கு, இல்லாத சத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? என் பாத்தியில் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் இல்லை. விடுவதை நிறுத்தவில்லை, ஆனால் அதை நம்பி மூட்டையைக் குறைக்கவும் மாட்டேன்.

செலவில்லாமல் கிடைப்பது பிடுங்கிய செடிதான். தண்டிலும் இலையிலும் நிறைய சாம்பல்சத்து இருக்கிறது, அது லேசான நீரிலேயே கரைந்து வெளியேறும். திறந்தவெளியில் குவித்தால் முதல் மழையிலேயே பழுப்பு நீராக வடிந்து போய்விடும். தார்ப்பாய் போட்டு மூடித்தான் மக்க வைக்கிறேன். நூற்புழு முடிச்சுள்ள வேர், வாடல் வந்த செடி இரண்டும் குவியலுக்குள் போவதில்லை. இந்த உரம் விழுந்த பாத்திகளில் அடுத்த நடவுக்கு மொலாசஸ் பொட்டாஷைக் குறைக்க முடிந்தது. எவ்வளவு என்பது பாத்திக்குப் பாத்தி மாறுகிறது, மண் பரிசோதனைத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.