கையில், காதில், ஹோல்டரில்: ஏற்காடு ஏறும்போது போன் எங்கே இருக்கணும்?

சேலம் அடிவாரத்தைத் தாண்டினால் ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுபவரின் போன் நான்கு இடங்களில் இருக்கலாம்: கையில், காதில், டாஷ்போர்டு ஹோல்டரில், அல்லது கண்ணிலேயே படாத இடத்தில். கையில் வைப்பது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். "ஹெட்செட்டில்தானே பேசுறேன்" என்பதில்தான் வாதம் தொடங்குகிறது.

கையில் வைப்பதை முதலில் முடித்துவிடலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில் இது ஆபத்தாக ஓட்டுவதாகவே கணக்கு. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடம் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், வளைவில் கை போதாது என்பது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும், எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். பைக்கில் இடது கையில் போன் இருந்தால் கிளட்சும் ஹாரனும் போச்சு. ஸ்கூட்டரில் இடது லீவர்தான் பின் பிரேக். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொள்பவர்கள் அதற்காகவே வாரைத் தளர்த்திவிடுகிறார்கள், கழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். ஒரு மெசேஜைப் படிக்க நான்கு விநாடி என்றால், 44 மீட்டர் ரோட்டைப் பார்க்காமலே கடந்தாச்சு.

அடுத்தது ப்ளூடூத். கை காலி, கண்ணும் ரோட்டில்தான். ஆனால் கவனம் பேச்சில். போன் பேசியபடி ஓட்டுபவருக்கு விபத்து வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிதாகப் பாதுகாப்பு கூடுவதில்லை என்பதும் அதே நிறுவனம் சொல்வதுதான். பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசலாமே என்று கேட்கலாம். எதிரே பஸ் முகம் காட்டினால் அவர் தானாக வாயை மூடிக்கொள்வார்; போனில் இருப்பவருக்குப் பஸ் தெரியாது, கேட்ட கேள்விக்குப் பதில் எதிர்பார்ப்பார். மலையில் சிக்னல் வேறு விட்டுவிட்டு வரும். "ஹலோ, ஹலோ, கேக்குதா" என்று ஆரம்பித்தால் இருக்கிற கொஞ்ச கவனமும் போய்விடும். இரண்டு காதிலும் இயர்பட் என்றால் இன்னும் மோசம்: மறைவான வளைவில் மேலிருந்து வண்டி இறங்குவதைச் சொல்வது ஹாரன் ஒன்றுதான், அதையும் அடைத்தாயிற்று.

ஹோல்டருக்கு சட்டத்தில் இடம் உண்டு. 2020 விதித் திருத்தப்படி, கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம். எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கத் தூண் அருகே மாட்டினால் வலது வளைவில் பார்க்க வேண்டிய இடத்தையே போன் மறைக்கும். நடுவில் உள்ள ஏ.சி. வென்டில், கண்ணாடிக்குக் கீழே இருக்கட்டும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் தூசியிலும் வெயிலிலும் பிடி விடும். வளைவில் விழுந்த போன் பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. பைக் ஹேண்டில்பாரில் மாட்டினால் எஞ்சின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது.

மேப்புக்கும் குறை உண்டு. சேலம் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தில் நாம் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பதில் அது குழம்பலாம். மலையில் ஒரு சாலைக்கு மேலேயே அடுத்த சாலை மடிந்து வருவதால் அம்பு தாவும். குழம்பியதும் ஓட்டுபவர் திரையை உற்றுப் பார்ப்பார், சிக்கல் அங்கேதான். இரவிலும் பனியிலும் பளிச்சென்ற திரை கண்ணைக் கூசவைத்து, வெளி இருட்டை இன்னும் கறுப்பாக்கும். அப்படியே மாட்டினாலும் டார்க் மோட் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, குரலை மட்டும் கேளுங்கள்.

எங்கள் தேர்வு நான்காவது: நகருக்குள் ஹோல்டரும் குரலும், அடிவாரத்தில் போனைக் கழற்றி டாஷ்போர்டு பெட்டிக்குள். அதற்கு மேல் ஏற்காட்டுக்கு மேப் எதற்கு? ரோடு ஒன்றுதான். தேர்வு செய்ய வேண்டியது முன்னாலேயே: அடிவாரம் வழியா, அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழியா என்பதை வீட்டில் முடிவு செய்துவிடுங்கள். குரல் வேண்டுமானால் கிளம்பும் முன் அந்தப் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை இறக்கி, ஏரோபிளேன் மோட் போடுங்கள், ஜி.பி.எஸ். வேலை செய்யும், அழைப்பு வராது. "மலை ஏறுகிறேன், ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன்" என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் போதும்.

கட்டாயம் பேச வேண்டுமா? வளைவிலோ வளைவை ஒட்டியோ நிறுத்தாதீர்கள், பஸ் திரும்ப முழு அகலமும் வேண்டும். நேரான இடத்தில் ஓரம் அகலமாக இருக்கும்போது ஒதுங்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஏற்றத்தில் முதல் கியர், இறக்கத்தில் ரிவர்ஸ் கியரில் வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டுப் போனை எடுங்கள்.