பத்மினிக்குக் கண்ணாடி ரப்பர்: பழைய ஸ்டாக்கா, மீட்டர் ரப்பரா, இத்தாலி பார்சலா?

மும்பையில் பிரீமியர் பத்மினி கார் டாக்சியாக ஓடிய வரைக்கும், அதன் முன்கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பருக்கு யாரும் அலைந்ததில்லை. 2023 அக்டோபரோடு கடைசி டாக்சியும் நின்றுவிட்டது. வாங்க ஆள் இல்லாத சரக்கை யார் செய்வார்கள்?

எல்லோரும் முதலில் தேடுவது பழைய ஸ்டாக்கைத்தான். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ உறை பிரிக்காத ஒன்று சிக்கிவிட்டால் குஷிதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வண்டியில் ஏறாமல் கடை அலமாரியிலேயே கிடந்தாலும் இயற்கை ரப்பர் இறுகும். காற்றிலுள்ள ஓசோன் பட்டு வெடிக்கும். காசு கொடுக்குமுன் ஒரு முனையை நன்றாக மடக்கிப் பாருங்கள். மடிப்பின் வெளிப்பக்கம் கோடு கோடாக விரிசல் விட்டால் அது பொம்மைக் கல்யாணத்துக்குக்கூட ஆகாது.

மீட்டர் கணக்கில் விற்கும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும், விலையும் கையைக் கடிக்காது. பஸ் பாடி கட்டுகிறவர்கள் சாமான் வாங்கும் கடைகளில் கேட்கலாம். சிக்கல் அதன் வெட்டுமுகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு ஒரு பள்ளம், பாடித் தகட்டின் விளிம்புக்கு ஒரு பள்ளம். இரண்டும் சரியாகப் பொருந்தவேண்டும். பழைய ரப்பர் சுருங்கியிருக்கும், அதை அளந்து பயனில்லை. கண்ணாடியையும் தகட்டையுமே வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். அளவு பொருந்தினாலும், தடித்த ரப்பர் மூலை திரும்பும் இடத்தில் சுருக்கம் விழுந்து அதன் ஓர உதடு தூக்கும். தண்ணீர் அங்கேதான் இறங்கும். கதவுக்கும் டிக்கிக்கும் ஓரத்தில் பீடிங் (ரப்பர் பட்டை) போட மீட்டர் ரப்பர் தாராளமாகப் போதும். இணைப்பை மூலையில் வைக்காமல் நேர்ப்பகுதியில் வைத்து, அரை அங்குலம் கூடுதலாக வெட்டி நெருக்கி ஒட்டினால் பிறகு இடைவெளி விடாது.

முன்கண்ணாடிக்கு நான் இத்தாலியைத்தான் சொல்வேன். பத்மினியின் உடம்பு பியட் 1100டி உடையதுதானே. அந்த வண்டிக்கு அங்கே இன்றும் புதிதாக ரப்பர் செய்கிறார்கள். பார்சல் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் விலை வலிக்கும், அதை மறைக்கவில்லை. வண்டிப் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். மும்பை குர்லாவில் பல பத்தாண்டுகள் தயாரான வண்டி இது, எல்லா வருடத்து வண்டிக்கும் ஒரே ரப்பர் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது. உங்கள் ரப்பரின் குறுக்குவெட்டுப் படத்தோடு கண்ணாடி, தகடு அளவையும் அனுப்பி, ஒத்துப்போகிறதா என்று கேட்டபிறகு பணம் கட்டுங்கள்.

எதை வாங்கினாலும் மாட்டும் முறை ஒன்றே. ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, தகடு உட்காரும் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அமுக்க, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்கவேண்டும். கிரீஸ் வேண்டாம், இ.பி.டி.எம். ஊதிப்போகும். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் பசையும் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டை அரிக்கும். அப்புறம், பழைய ரப்பரைக் கழற்றியதும் கீழ் விளிம்பை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் தகடு துருப்பிடித்திருக்கிறது. ரப்பர் காத்திருக்கட்டும், முதலில் டிங்கரிங் வேலை.